614-இன் பின்னிருக்கை

கீத் பிளாட்ஸுக்கு உயரம் என்றாலே ஆகாது. முப்பத்தைந்து வருடம் மார்ஷ்விக் கடைத்தெருவில் செருப்பு விற்றவர். மேல்தட்டில் இருக்கும் பெட்டியை எடுக்க ஏணியில் ஏற வேண்டுமென்றால், அந்த அளவு தீர்ந்துவிட்டது என்று வந்தவரிடம் கூசாமல் சொல்லிவிடுவார். அவர் மனைவி மோரீன் வருடா வருடம் தங்கையோடு ஸ்பெயினுக்குப் பறந்து, வெயிலில் நன்றாகக் கறுத்துத் திரும்பி வருவாள். கீத் அந்த நாட்களில் ஸ்கெக்னஸ் கடற்கரையில், தரையோடு தரையாக நிற்கும் ஒரு வாடகை வண்டிவீட்டில் உட்கார்ந்து மழையை வேடிக்கை பார்த்துவிட்டு வருவார். இருவருக்கும் இதில் ஒரு குறையும் இல்லை. எழுபது வயது மனிதன் தரையில் இருக்க ஆசைப்படுவதை எவரும் கேள்வி கேட்கப் போவதில்லை என்றுதான் அவர் நம்பிக்கொண்டிருந்தார்.

ஒரு செவ்வாய்க்கிழமை தொலைபேசி அடித்தது.

"மிஸ்டர் பிளாட்ஸ், உங்களைக் கண்டுபிடிச்சுட்டோம்," என்றது ஒரு பெண் குரல்.

தான் தொலைந்துபோனதாகவே கீத்துக்குத் தெரியாது.

"நான் என்னங்க பண்ணினேன்?"

"நீங்க 614-ல பறந்திருக்கீங்க. மறைக்காதீங்க. எங்ககிட்ட பதிவு இருக்கு."

பேசியவர் பெரில் ஸ்கட்டர். மார்ஷ்விக் மாணவர்படை விமான நினைவுக் கழகத்தின் செயலாளர். பள்ளிக்கூடப் பையன்களுக்கு நீலச் சட்டை மாட்டி, சனிக்கிழமைதோறும் விமானத்திடலுக்கு ஓட்டிக்கொண்டு போய், ஆளுக்கு ஒரு சுற்று வானத்தைக் காட்டிய காலம் ஒன்று இருந்தது. அதற்கென்று இருந்தது சிப்மங்க் என்று வரியணிலின் பெயர் வைத்த ஒரு குட்டி விமானம். முன்னால் பைலட், பின்னால் பையன். மார்ஷ்விக்கில் இருந்த அந்த விமானத்தின் எண் 614. அதைத் தேடிக் கண்டுபிடித்து நினைவுகூர்வதுதான் கழகத்தின் ஒரே வேலை.

கழகம் வருடக்கணக்கில் தேடியது. வேல்ஸில் ஒரு மரஅறுப்பு மில்லில் என்ஜின் கிடைத்தது. ஒரு மதுக்கடை வாசலில் பெயர்ப்பலகையாகத் தொங்கிக்கொண்டிருந்தது ஓர் இறக்கை. இன்னொன்று யாரோ ஒருவர் வீட்டுக் கார்க் கொட்டகைக்குக் கூரையாக இருந்தது. விமானத்தின் உடல்பகுதியில் கோழிகள் குடியிருந்தன. கோழிகளைக் காலி செய்யச் சொல்லி முறைப்படி கேட்டு, நன்றி தெரிவித்துத் தீர்மானமும் போட்டார்கள்.

இவற்றில் எதுவும் 614-இனுடையது இல்லை. எல்லாம் வேறு வேறு சிப்மங்குகளின் மிச்சம். 614-இனுடையது என்று முதலில் கிடைத்தது எண் பொறித்த ஓர் அலுமினியத் தகடு, உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். பழைய விமானங்களைக் கட்டிக்கொண்டு அழுகிறவர்களின் உலகத்தில் ஒரு சட்டம் உண்டு. தகடு எங்கே இருக்கிறதோ, அங்கேதான் விமானமும் இருக்கிறது. கழகத்தார் அந்தத் தகட்டை ஒரு தள்ளுவண்டியில் திருகியிருந்தால், தள்ளுவண்டிதான் 614 ஆகியிருக்கும். அவர்களோ கிடைத்த துண்டுகளை ஒன்றாகப் பூட்டி அதில் திருகினார்கள். தள்ளுவண்டியில் திருகியிருந்தால் கீத்துக்கு நல்லதாகப் போயிருக்கும்.

கூட்டத்துக்குக் கூப்பிட்டார்கள். போனார். கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போய்விடுகிற மனிதர் அவர்.

கழகத்தின் கூடத்தில் தேநீரும் இஞ்சி பிஸ்கட்டும் வைத்திருந்தார்கள். தலைவர் இருக்கையில் ஸ்க்வாட்ரன் லீடர் ஹம்ஃப்ரி வேரிங் உட்கார்ந்திருந்தார். ஓய்வு பெற்றுப் பல காலம் ஆகியும் பதவிப் பெயர் மட்டும் ஓய்வெடுக்கவில்லை. வேரிங் விமானப் படையில் கம்பளிக் கிடங்குக்குப் பொறுப்பாக இருந்தவர். அவர் பறந்ததில்லை. ஆனால் அவர் கையெழுத்தில்லாமல் ஒரு போர்வைகூடப் பறந்ததில்லை. கீத் பழக்கதோஷத்தில் அவர் காலணியைப் பார்த்தார். மேலே முகம் தெரிகிற பளபளப்பு, அடியில் தேய்மானமே இல்லை.

"பையா!" என்றார் வேரிங். எழுபது வயதுப் பையன் எழுந்து நின்றார். "உன்னை எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. அன்னைக்குக் கொஞ்சம் அடம் பண்ணினே. நான்தான் சரிபண்ணி அனுப்பினேன்."

கீத்துக்கு அப்படி எதுவும் ஞாபகம் இல்லை. ஆனால் கோட்டில் பித்தளைப் பொத்தான் போட்டவர்கள் எதைச் சொன்னாலும் தலையாட்டிவிடுவது அவர் சுபாவம். ஆட்டினார்.

"அன்னைக்கு 614-ல பறந்த ஒரே மாணவர் நீங்கதான், மிஸ்டர் பிளாட்ஸ்," என்றார் பெரில். "அதுதான் அதோட கடைசி நாள். அதனால நீங்கதான் கடைசி மாணவர். ரொம்பப் பெரிய கௌரவம்."

"ஒரே ஆள் இல்லைங்க. எனக்கப்புறம் ட்ரெவர் ஏறினான். ட்ரெவர் மாண்டர். அப்பத்தானே அது விழுந்துச்சு?"

தேநீர்க் கோப்பைகள் பாதிவழியில் நின்றன.

"விழுந்துச்சுங்கற வார்த்தையை இங்க நாங்க பயன்படுத்தறதில்லை," என்றார் வேரிங். "614 தன் சேவையை நிறைவு செஞ்சுது."

"ரயில் பாதைக்கு அந்தாண்ட, பாப்ளார் மரத்துல மோதி..."

"மரங்களுக்கு நடுவுல நிறைவு செஞ்சுது."

கீத் சுவரைப் பார்த்தார். அங்கே கருங்காலி மரத்தில் பொன் எழுத்தில் ஒரு பெயர்ப்பலகை. அன்று இறந்த பைலட்டின் பெயர் அதில் இருந்தது. கீழே பத்துப் பதினைந்து அதிகாரிகள். கடைசியில் 'பிஸ்கட்' என்று ஒரு பெயர். படையில் வளர்ந்த நாய் அது. கீத்துக்கு அதைத் தெரியும். அவருடைய தொப்பியைக் கடித்துக் குதறியிருக்கிறது.

"ட்ரெவர் பேரு இல்லீங்களே?"

பெரில் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். அவர் கெட்டவர் இல்லை. விதி எங்கே இருக்கிறதோ அங்கே அவரும் இருப்பார், அவ்வளவுதான்.

"அந்தப் பையன் இன்னும் தகுதிகாண் காலத்துல இருந்தான், மிஸ்டர் பிளாட்ஸ். உறுதிமொழி எடுத்தாத்தான் மாணவர். அடுத்த வெள்ளிக்கிழமை எடுத்திருக்கணும். அவன் வரலை."

"அவன் செத்துட்டாங்களே!"

"காரணம் எதுவா இருந்தாலும், வரலை. உறுதிமொழி எடுக்காதவர் மாணவர் இல்லை. மாணவர் இல்லாதவர் பறந்ததாப் பதிவு பண்ண முடியாது. அதனாலதான் 614-ல ஒரு மாணவருக்குக்கூட ஒரு கீறல் பட்டதில்லைன்னு நாம பெருமையாச் சொல்லிக்க முடியுது."

"நாய் உறுதிமொழி எடுத்துச்சா?"

"கால் பதிச்சுது," என்றார் பெரில்.

அதற்குப் பிறகுதான் வேரிங் விஷயத்துக்கு வந்தார். நினைவு நாளன்று 614 பறக்கும். கடைசி மாணவர் பின்னிருக்கையில் பறப்பார். ஏறுவதற்கு முன் ஒலிபெருக்கியில், அதுதான் என் வாழ்க்கையின் மிகச் சிறந்த நாள் என்று ஒரு வாக்கியம் சொல்வார். நிகழ்ச்சி நிரல் அச்சுக்குப் போய்விட்டது.

கீத்தின் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. பிய்த்து எடுத்துத்தான் பேச வேண்டியிருந்தது.

"எனக்கு... பயமா இருக்குங்க சார்."

"பெரில், எழுதிக்கோங்க. மிஸ்டர் பிளாட்ஸ் மிகுந்த ஆர்வம் தெரிவித்தார்."

"நான் பயம்னு சொன்னேன்."

"அதை நாங்க ஆர்வம்னுதான் பதிவு பண்றது," என்று பெரில் பரிவோடு விளக்கினார். "ஆரம்பத்துலேர்ந்தே அப்படித்தான்."

மறு வாரம் விமானக் கொட்டகைக்கு அழைத்துப் போய் விமானத்தைக் காட்டினார்கள். சிவப்பும் வெள்ளையுமாக, புதுப் பெயிண்ட் வாசனையோடு நின்றது. கோழி வாசனையும் லேசாக இருந்தது. பைலட் ஜைல்ஸ் ட்ரூவிட் ஊரில் பல் மருத்துவர். சனி ஞாயிறுகளில் மட்டும் பறப்பவர். பல் பிடுங்குவதற்கு முன் பேசுகிற அதே இதமான குரலில்தான் எல்லாரிடமும் பேசுவார். அந்தக் குரலைக் கேட்டதுமே கீத்தின் தாடை தானாக இறுகியது.

"தளர்த்திக்கோங்க, கீத். ஒண்ணுமே இல்லை. எல்லாம் புதுசா மாத்தினது. அந்தத் தகட்டைத் தவிர, இந்தப் பின்னிருக்கை மட்டும்தான் அசல்."

"அசல்னா?"

"அசல் 614-னோடது. மரத்தடியில கிடந்ததை ஒரு விவசாயி எடுத்துட்டுப் போய் டிராக்டர்ல மாட்டியிருந்தார். எங்க அதிர்ஷ்டம்!"

தகரத் தொட்டி மாதிரி ஓர் இருக்கை. முதுகு சாய்கிற இடத்தில் ஒரு பக்கமாக உள்ளே நசுங்கியிருந்தது. கீத் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். கொட்டகைக்குள் திடீரென்று குளிர்ந்தது போல இருந்தது. அந்த நசுங்கல் ஒரு பதினான்கு வயதுப் பையனின் முதுகுக்குப் பின்னால் நேர்ந்தது என்பதை அங்கே இருந்தவர்களில் அவர் ஒருவர்தான் நினைத்தார்.

"இதைத் தட்டி நேராக்கக் கூடாதா?"

"ஐயையோ! அது வரலாறு. கமிட்டி விடாது. உக்காந்தா கொஞ்சம் முதுகுல குத்தும், அவ்வளவுதான்."

பிறகு வெளியே தள்ளிவந்து என்ஜினைக் கிளப்பிக் காட்டினார்கள். சிப்மங்கின் என்ஜின் சும்மா கிளம்பாது. துப்பாக்கித் தோட்டா போல ஒன்றை உள்ளே வைத்து வெடிக்க வேண்டும். அந்த உதையில்தான் அது சுற்றும். 'டமார்' என்று சத்தம் வந்தது. புகை கலைந்தபோது கீத் புல்தரையில் குப்புறப் படுத்திருந்தார். அவர் விழுந்து வணங்கியதாக நினைத்துச் சிலர் கண்கலங்கினார்கள்.

பாராசூட் ஒன்றும் கொடுத்தார்கள். அதன் மேல்தான் உட்கார வேண்டும். கீத் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஓரமெல்லாம் நூல் போட்டுத் தைத்திருந்தது.

"இது எப்படிங்க திறக்கும்?"

"திறக்காது," என்றார் வேரிங். "அருங்காட்சியகப் பொருள், பையா. பிரிச்சா மறுபடி மடிக்கத் தெரிஞ்ச ஆள் உயிரோட இல்லை. அதனால எந்த நிலைமையிலயும் குதிக்கக் கூடாது. குதிக்கிறதா இருந்தா முன்கூட்டியே எழுத்துல கேட்கணும்."

அன்றிலிருந்து கீத்துக்குச் சோறு தண்ணீர் இறங்கவில்லை. மீனும் உருளைக்கிழங்கும் தட்டில் ஆறிப்போயின. கெட்டில் 'டக்' என்று அணைந்தால்கூடத் தூக்கிவாரிப் போட்டது.

"மாட்டேன்னு சொல்லித் தொலையேன், மனுஷா!" என்றாள் மோரீன். "வாயில என்ன கொழுக்கட்டையா இருக்கு?"

"வரமாட்டேங்குது, மோரீன். அந்த ஆள் முன்னாடி நின்னா வரமாட்டேங்குது."

"கல்யாணம் ஆனதுலேர்ந்து என்கிட்ட எத்தனை மாட்டேன் சொல்லியிருக்கே? ஸ்பெயினுக்கு மாட்டேன், டான்ஸ் கிளாஸுக்கு மாட்டேன், எங்க அம்மா வீட்டுக்கு மாட்டேன். அதுல ஒண்ணை எடுத்து அந்த ஆள் மூஞ்சில போடேன்!"

"நீ பித்தளைப் பொத்தான் போட்டுக்கலையே."

"நாளைக்கே வாங்கித் தச்சுக்கறேன், பாரு."

சிரிக்க வைக்கத்தான் சொன்னாள். ஆனால் அவர் தொடாத தட்டைத் தள்ளி வைத்ததைப் பார்த்துவிட்டு, எழுந்து வந்து அவர் தோளில் கை வைத்தாள்.

சந்தைக்குப் போன இடத்தில் ஜூனைப் பார்த்தார். ட்ரெவரின் தங்கை. அண்ணன் போனபோது அவளுக்குப் பத்து வயது. இப்போது தலை முழுக்க வெள்ளை. முட்டைக்கோஸ் கூடைக்குப் பக்கத்தில் அவரை மடக்கி நிறுத்தினாள்.

"அதுல ஏறப்போறியாமே, கீத்."

"ஏத்தப் போறாங்க."

"ஒண்ணு கேட்கணும் உன்கிட்ட. ரொம்ப வருஷமாக் கேட்கணும்னு இருந்தேன்." கையிலிருந்த முட்டைக்கோஸை வைத்தாள். பிறகு மறுபடி எடுத்துக்கொண்டாள். "அவன் பயந்தானா?"

"எனக்குத் தெரியாது, ஜூன். நான் இறங்கினதும் கொட்டகைக்குப் பின்னால ஓடிப்போய் வாந்தி எடுத்துட்டிருந்தேன். பறந்தப்பவும் எல்லாத்தையும் கண்ணை மூடிக்கிட்டேதான் பார்த்தேன் நான். தலையைத் தூக்கினப்போ விமானம் மூடுபனிக்குள்ள போயிடுச்சு."

"ஒரு ஆபீசர் எங்க வீட்டுக்கு வந்தார். சிரிச்சுக்கிட்டே போனான்மா உங்க பையன்னு சொன்னார். அம்மா சாகற வரைக்கும் அதையே சொல்லிட்டிருந்தா. நான் நம்பலை. ட்ரெவர் ராட்டினத்துல ஏறினாலே அழுவான். யாருமில்லாம அவன் பயந்துட்டு இருந்திருப்பானோன்னுதான்..." முட்டைக்கோஸைத் திரும்ப வைத்துவிட்டாள். "உன் கையில மைக் கொடுப்பாங்களாமே. அவன் பேரை ஒரு தடவை சொல்லு. எனக்கு வேற எதுவும் வேண்டாம்."

கீத் தலையாட்டினார். தலையாட்டிவிட்டு வீடு வந்து சேர்வதற்குள் அவருக்கு வியர்த்துக் கொட்டியது. இதுவரை விமானத்துக்கு மட்டும்தான் பயந்தார். இப்போது மைக்குக்கும் பயப்பட வேண்டியிருந்தது.

நினைவு நாள் வந்தது. தூறல் வந்தது. மேயர் கழுத்துச் சங்கிலியோடு வந்தார். கூடாரத்தில் ஜாம் வைத்த கேக்குகள் அடுக்கியிருந்தன. குளவிகள் முதலில் சாப்பிட்டன. எங்காவது ஒரு நிசப்தம் விழுந்தால் உடனே வாசிக்க வேண்டும் என்று பேண்டு வாத்தியக்காரர்களுக்குப் பெரில் உத்தரவு கொடுத்திருந்தார். அதனால் மௌன அஞ்சலிக்கும் வாசித்துவிட்டார்கள்.

கீத்துக்குப் பறக்கும் உடை மாட்டி, தைத்த பாராசூட்டைப் பின்புறத்தில் கட்டினார்கள். நிமிர முடியவில்லை. கூனிக் குறுகி வாத்து போல நடந்து, இறக்கை மேல் ஏற்றிவிடப்பட்டார். கீழே மோரீன் தன் கைப்பையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். முதல் வரிசை பிளாஸ்டிக் நாற்காலியில் ஜூன். ஜைல்ஸ் முன்னால் உட்கார்ந்து, "அகலமா மூச்சு விடுங்க, கீத். வலிக்கவே வலிக்காது," என்றார். கீத்தின் கையில் மைக்கைத் திணித்தார்கள். ஆனால் முதலில் தலைவர் பேச வேண்டும். இன்னொரு மைக்கில் வேரிங் பேசினார்.

"பெரியோர்களே! இன்னைக்குப் பசங்களுக்கு எல்லாத்துக்கும் பயம். எங்க காலத்துல இந்த இயந்திரம் பயம்னா என்னன்னே தெரியாத பசங்களை உண்டாக்குச்சு. எப்படி உண்டாக்குச்சுன்னு ஒரு சம்பவம் சொல்றேன். 614-ஓட கடைசி நாள். ஊரெல்லாம் மூடுபனி. லண்டன்லேர்ந்து பெரிய அதிகாரி பார்வையிட வந்திருக்கார். நான் அப்ப சின்ன ஆபீசர், நிகழ்ச்சிப் பொறுப்பு என்னுது. பைலட் வந்து, வேலிக்கு அந்தப் பக்கம் ஒண்ணுமே தெரியலையே, நிறுத்திடலாமான்னு கேட்டார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? நிகழ்ச்சி நிரல் அச்சாயிடுச்சேன்னேன்!"

மேயர் சிரித்தார். மேயர் சிரித்ததால் மற்றவர்களும் சிரித்தார்கள்.

"பின்னால ஒரு பொடியன். முகமெல்லாம் வெளுத்துப் போச்சு. சார், நான் இறங்கிக்கட்டுமாங்கறான். நான் சிரிச்சேன். மறுபடியும் கேட்டான், சார், தயவுசெஞ்சு இறங்கிக்கறேனேன்னு. என் கையை வேற கெட்டியாப் பிடிச்சுக்கிட்டான். ஒவ்வொரு விரலாப் பிரிச்சு எடுத்தேன். கண்ணாடி மூடியை இழுத்து மூடினேன். போடா, போய் ஆம்பளையா வான்னேன். அப்புறம் விருந்தாளிக்குத் தேநீர் கொடுக்கப் போயிட்டேன். அன்னைக்கு நான் அவனை இறக்கி விட்டிருந்தா என்ன ஆகியிருக்கும்? ஒரு கோழைதான் மிஞ்சியிருப்பான். பதிவைப் புரட்டிப் பார்த்தோம். அன்னைக்குப் பறந்தது ஒரே மாணவர்தான். அந்தப் பொடியன்தான், இதோ, மிஸ்டர் கீத் பிளாட்ஸ்!"

கைதட்டல் வெகுநேரம் ஓயவில்லை. கீத் அதைக் கேட்கவில்லை. அவர் ஜூனைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் இரண்டு கைகளையும் மடியில் வைத்து, ஒரு கையின் விரல்களை இன்னொரு கையால் இறுக மூடிக்கொண்டிருந்தாள்.

இதற்கு முன் இவ்வளவு பயந்ததில்லை கீத். பின்னிருக்கை பக்கத்தில் வாயைத் திறந்துகொண்டிருந்தது. வேரிங் புன்னகையோடு நிமிர்ந்து பார்த்தார். வாழ்க்கையின் மிகச் சிறந்த நாள் என்ற வாக்கியத்துக்காக எல்லாரும் காத்திருந்தார்கள்.

"அது நான் இல்லைங்க," என்றார் கீத்.

ஒலிபெருக்கி அதைத் திடல் முழுக்கக் கொண்டு போனது. அவருடைய குரலே அவரைத் திடுக்கிட வைத்தது.

"எனக்கு மூடியை மூடினது பைலட்டே. நீங்க விரலைப் பிரிச்சது ட்ரெவரோட கையிலேர்ந்து. ட்ரெவர் மாண்டர். எனக்கு அடுத்தாப்ல ஏறினவன். அவன்தான் செத்துப்போனான்."

"பதிவுப்படி..." என்று தொடங்கிய பெரில், தன் வாழ்நாளில் முதல்முறையாகப் பாதியில் நிறுத்தினார்.

நிசப்தம் விழுந்தது. உடனே பேண்டு முழங்கியது. பெரில் கையை வீசி வீசி அடக்கிய பிறகுதான் நின்றது.

"எனக்குப் பயமா இருக்கு," என்றார் கீத். "ஆர்வம் இல்லை. பயம். நான் ஏற மாட்டேன்."

இறங்கினார். இறங்குவதற்கும் அவருக்குப் பயமாகத்தான் இருந்தது. இறக்கையைக் கட்டிப்பிடித்து வழுக்கிக்கொண்டே வந்தவரை மோரீன் பாராசூட்டோடு சேர்த்துத் தாங்கிக்கொண்டாள்.

வேரிங்கின் முகத்தில் ஒரு நரம்பு துடித்தது. அவருக்கு இப்போதுதான் புரிந்திருக்க வேண்டும், அல்லது புரிந்ததை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரிந்திருக்காது. புரியாத நேரங்களில் எதைப் பற்றிக்கொள்வாரோ அதையே பற்றிக்கொண்டார். "நிகழ்ச்சி நிரல்ல பின்னிருக்கைல ஒருத்தர் பறக்கறதா இருக்கு," என்றார் மைக்கில். "பறந்துதான் ஆகணும்."

ஜூன் எழுந்தாள்.

"நீங்க ஏறுங்களேன்," என்றாள்.

கூட்டத்துக்கு அது மிகவும் பிடித்துவிட்டது. நடப்பதெல்லாம் நிகழ்ச்சி நிரலில் இருப்பதுதான் என்று நம்பிப் பழகியவர்கள். தட்டினார்கள், விசில் அடித்தார்கள். மேயர் வேரிங்கின் கையைப் பிடித்துக் குலுக்கினார். எனக்கு முழங்கால் சரியில்லை என்று வேரிங் சொன்னது கூட்டத்தின் சத்தத்தில் அமுங்கிப்போனது. நான்கு தொண்டர்கள் அவரை அலாக்காகத் தூக்கி, கீத்திடமிருந்து கழற்றிய தைத்த பாராசூட்டின் மேல் உட்கார வைத்து, வாரால் இறுக்கிக் கட்டினார்கள். நசுங்கல் முதுகில் குத்தியதும் அவர் துள்ளினார்.

"மழை வலுக்குது," என்றார் ஜைல்ஸ், முன்னாலிருந்து திரும்பாமலே. "யாராவது அந்த மூடியை மூடுங்கப்பா."

யார் மூடுவது என்று நிகழ்ச்சி நிரலில் இல்லை. அதனால் யாரும் அசையவில்லை. ஜூன் தன் பாவாடையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு இறக்கை மேல் ஏறினாள். கண்ணாடி மூடியின் விளிம்பில் இரண்டு கைகளையும் வைத்தாள். கீத் இறக்கைக்குக் கீழே நின்று நிமிர்ந்து பார்த்தார்.

வேரிங்கின் முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. உதடு உலர்ந்துபோயிருந்தது.

"ஒரு நிமிஷம். இந்த வார்... ஏதோ சரியில்லை. நான் இறங்கிக்கட்டுமா?"

ஜூனின் கைகள் மூடியின் விளிம்பிலேயே இருந்தன.

"தயவுசெஞ்சு," என்றார் வேரிங். குரல் கீச்சென்று ஒரு பையனுடையது போல உடைந்தது. அவள் மணிக்கட்டை எட்டிப் பிடித்துக்கொண்டார். "நான் இறங்கிக்கறேனே, அம்மா."

மூடிவிடுவாள் என்றுதான் கீத் நினைத்தார். மூடட்டும் என்றும் ஒரு கணம் நினைத்தார். ஜூன் தன் மணிக்கட்டைப் பிடித்திருந்த அந்த விரல்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மழை அவள் வெள்ளைத் தலையில் இறங்கி முகத்தில் வழிந்தது. பிறகு மூடியைப் பின்னால் கடைசிவரை தள்ளித் திறந்துவிட்டு, குனிந்து, அவருடைய வாரைக் கழற்றினாள்.

"இறங்குங்க," என்றாள். "கேட்டா இறக்கி விட்டுடணும். அவ்வளவுதான்."